காட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள்

சிறுநீரகத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லித்தர இந்த மலையில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் பதினைந்து வருடமாக உயிரியல் எடுக்கிறேன். இதயம், நுரையீரல், ஈரல் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் வரைவேன். அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகம் வரைந்து, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற கடைசி வரியைப் பிள்ளைகளை இரண்டு முறை எழுத வைப்பேன்.

அதே நேரத்தில் எதிர்ச் சரிவில் என் அம்மா சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள்.

தேயிலைக் காட்டில் பெண்களுக்கு அது எழுதாத சட்டம். விடியற்காலையில் பால் விடாத கட்டன் சாயா அரை டம்ளர். மதியச் சோற்றில் விக்கல் வந்தால் ஒரு வாய். சாயந்தரம் கொழுந்தை எடை போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு வரும்வரை அவ்வளவுதான். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க எங்கே இடம்? செடி இடுப்பளவு, காலெல்லாம் அட்டை, மேட்டில் சூப்பர்வைசர் நிற்கிறார். வேலைக்குப் புதிதாக வந்தவள் பாட்டிலைத் திறந்தால், "ஏட்டி, மூடி வையி. பொறவு எங்க போயி உக்காருவ?" என்று அதட்டுவார்கள். அம்மாவும் அதட்டியிருக்கிறாள்.

அம்மாவுக்குக் கால் வீங்கியது. நாள் முழுக்கச் சரிவில் நின்றால் வீங்காதா என்றாள். நானும் தலையாட்டிவிட்டுத் தைலம் தேய்த்தேன். காலையில் முகம் உப்பினால் நல்ல தூக்கமாம். சோறு கசந்தால் பித்தமாம். உடம்பு அரித்தால் செடிக்கு அடிக்கிற மருந்தாம். சிறுநீரகச் செயலிழப்பின் அறிகுறிகள் நான்கு எழுதுக என்று பரீட்சைக்குக் கேள்வி போடுகிறவள் நான். அந்த நான்கும் என் வீட்டுக்குள் நடமாடின, எனக்குத் தெரியவில்லை. தூ, என்ன படிப்பு!

மூச்சு முட்டியபிறகுதான் ஜீப் பிடித்து மலையிறங்கினோம். கல்லும் சீழும் வருடக்கணக்காக அரித்து இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள் ஆஸ்பத்திரியில். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதில் கொடுமையைக் கேளுங்கள், இப்போது அவளுக்குத் தண்ணீரை அளந்துதான் தர வேண்டும். இன்னும் ஒரு வாய் தாட்டி என்று கெஞ்சுகிறாள், நான் டம்ளரைப் பிடுங்கி வைக்கிறேன்.

என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றேன். "நான் போற வயசுக்காரி. எனக்கு எதுக்கு?" என்று மறுத்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துதான் சம்மதிக்க வைத்தேன். ரத்தம் பொருந்தியது. அன்றைக்கு அம்மா கண்ணில் உயிர்மேல் ஆசை வந்ததை நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

என் ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார். "டீச்சரே, வெள்ளம் குடிக்காறில்லே?"

தண்ணீர் குடிப்பதில்லையா என்கிறார். எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே கழிப்பறை. அதற்கும் தாழ்ப்பாள் இல்லை, பையன்களும் அங்கேதான் போவார்கள். காலையில் சாயா குடித்துவிட்டுப் போனால், நாலு மணிக்கு வீடு வந்துதான் சொம்பைத் தூக்குவேன். பதினைந்து வருடமும் அப்படித்தான். எனக்கு இரண்டிலும் கல், ஒன்று சுருங்கவும் தொடங்கியிருந்தது. உங்களிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மறைக்காமல் சொன்னேன். தனக்கு வந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"காட்டுக்குப் போவக் கூடாதுன்னுதானேட்டி உன்னைப் படிக்க வச்சேன்?"