மாலேக்கு டிக்கெட், கொழும்பில் இறக்கம்

ஆகஸ்டு பிறந்தால் மிலான் நகரத்துச் சிங்களவர்களுக்கு ஒரே வியாதிதான். வேலை பார்க்கும் வீட்டு இத்தாலியர்கள் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள், இவர்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். அது விமானக் கம்பெனிக்காரனுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, கொழும்பு டிக்கெட்டைக் கூரைமேல் ஏற்றி வைத்துவிடுவான். அதே மாதம் மாலத்தீவில் மழை, போக ஆள் இல்லை. அதனால் கொழும்பைத் தாண்டி மாலே வரைக்கும் போகிறவனுக்குப் பாதி விலை. நடுவழியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிறவன் முழு விலை கொடுக்க வேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

சுஜீவா பெர்னாந்து, கொழும்புக்கு வடக்கே இருக்கும் வென்னப்புவக்காரி. மிலானில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பது அவள் வேலை. ஏழு வருஷத்தில் ஊருக்குப் போனது ஒரே தடவை. இரண்டு வயதில் தங்கை துலானியிடம் விட்டுவந்த மகள் இஷாதிக்கு இப்போது ஒன்பது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா என்று பீடத்துக்கு நடந்து போவார்கள். அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாயிற்று. இருக்கிற ஒரு பக்கமாவது நிறைய வேண்டாமா?

"வர முடியாட்டி பரவாயில்லம்மா," என்று இஷாதி போனில் சொன்னாள். அழுதிருந்தால்கூட சுஜீவா தாங்கியிருப்பாள். சில்லறை இல்லை என்று கடைக்காரன் சொல்வதைப் போலப் பிள்ளை சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்தத் தடவையும் போகாவிட்டால் அந்தப் பிள்ளை கேட்கவே கேட்காது.

அதற்கு முந்தைய ஞாயிறு சிங்களப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஜூட்டைப் பிடித்தாள். ஜூட் ஒரு உணவகத்தில் சமையல்காரன். ஆனாலும் ஊரே அவனை டிக்கெட் ஜூட் என்றுதான் கூப்பிடும். போனைத் தடவித் தடவி யாருக்கும் கிடைக்காத விலையைக் கண்டுபிடிப்பான். முடியாத காரியங்களுக்குக் காவலான புனிதரின் பெயரைச் சும்மாவா வைத்தார்கள்?

"அக்கே, கொழும்புன்னு தேடினா அழுகைதான் வரும். மாலேன்னு தேடுங்க."

"மாலத்தீவுல எனக்கு யாரு இருக்கா?"

"யாரும் வேணாம். இங்கேருந்து நேரா கொழும்பு, அங்க வேற விமானம் மாறி மாலே. நீங்க மாறாதீங்க. இறங்கி வீட்டைப் பாத்துப் போங்க. மாலேக்கு ஒரு சீட் காலியாப் போகும். அதுக்காக மீனு அழப்போகுதா?"

"புடிச்சுட்டா?"

"சொந்த நாட்டுல இறங்கினா யாரு புடிப்பா? ஆனா ஒண்ணு. பெட்டி போடவே கூடாது. போட்டா அது மாலேக்குத்தான் போகும். முதுகுல ஒரு சின்னப் பை, சீட்டுக்கு அடியில போற மாதிரி. அவ்வளவுதான்."

சுஜீவாவின் முகம் செத்துவிட்டது. "ஒரு பையோடயா? வென்னப்புவக்கா?"

ஜூட்டும் அந்தப் பக்கத்தான்தான், அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. இத்தாலியிலிருந்து வருகிறவர்கள் மூன்று பெட்டியோடு வேனில் வந்து இறங்குவார்கள். தோளில் ஒரே ஒரு பையோடு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்: பொலீஸ் பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டது. கோயில் தெரு நிஹால் அப்படி வந்தபோது, அவன் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சந்தை வரைக்கும் சேதி போய்விட்டது. அவன் தங்கைக்கு வந்த வரன் மறுநாளே திரும்பிப் போனது.

"அப்போ முழு விலையைக் குடுத்து, மூணு பெட்டியோட ராணி மாதிரிப் போங்க," என்று சிரித்தான் ஜூட்.

முழு விலைக்கு அவளிடம் வழியில்லை. மாலே டிக்கெட்டைத்தான் வாங்கினாள், போவதற்கு மட்டும். மிலானுக்குத் திரும்ப, விலை இறங்கியதும் வேறு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் காட்ட ஒரு மாலே ஹோட்டலில் அறையும் போட்டுக் கொடுத்தான் ஜூட். பிறகு அதை ரத்து செய்துவிடலாம். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. கிழவிக்கு சூப் ஊட்டும்போதுகூட ஹோட்டல் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூட் சொன்ன மாதிரி சின்னப் பைதான் எடுத்தாள். அடியில் இஷாதியின் வெள்ளை உடுப்பும் முக்காடும். இரண்டும் மிலான் கடையில் தேடி வாங்கியவை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கையை வீசிக்கொண்டு போக எப்படி மனம் வரும்? தங்கைக்கு வாசனைத் தைலம், பங்குச் சாமியாருக்குப் பாலாடைக்கட்டி, பக்கத்து வீடுகளுக்கு சாக்லேட், சவர்க்காரம். சின்னப் பை போதாமல் பெரிய பை வந்தது. பெரிய பை வந்ததும் அதில் இடம் இருக்கிறதே என்று ஒரு சோடிச் சப்பாத்தும் வந்தது.

விமான நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் பெண் கடவுச்சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாலேக்கா? தனியாவா?"

"தனியாத்தான்."

"தேனிலவுக்குப் போற தீவும்மா அது!"

சுஜீவா ஹோட்டல் பெயரைச் சொன்னாள். கேட்காமலே சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள். "குடுத்து வச்சவங்க. நமக்கெல்லாம் எங்க?" சீட்டு கைக்கு வந்தது. சுஜீவாவுக்குப் போன உயிர் பாதிதான் திரும்பியது.

விமானத்தில் ஏறும் வாசலில் நின்ற ஆள் அவள் பையைத் தூக்கிப் பார்த்தான்.

"இது உள்ள போகாதும்மா. விமானம் நிறைஞ்சிருக்கு, கீழ போட்டுடறேன். காசு வேணாம்."

"வேணாம் தம்பி, மடியில வச்சுக்கிறேன்."

"மடியிலயா? ஏன் கவலைப்படறீங்க? நேரா மாலேல வந்து எடுத்துக்கலாம்."

என்ன சொல்வது? மாலேக்கு நான் போகவில்லை என்றா? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உடுப்பையாவது எடுத்துக்கொள்வோம் என்று ஜிப்பில் கை வைத்தாள். அது அடியில் கிடந்தது, மேலே பாலாடைக்கட்டி அமுக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவன் பட்டியைச் சுற்றிவிட்டான். அதில் மாலே என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

வழியெல்லாம் அவள் கண்ணை மூடவில்லை. சாப்பாடு வந்தது, போனது. கொழும்பில் இறங்கவிடாமல் இழுத்துக்கொண்டு போய் மாலே விமானத்தில் தள்ளிவிடுவார்களோ? மோசடி என்று எழுதி இத்தாலிக்கு அனுப்புவார்களோ? வேலை போகுமோ? ஜெபமாலையை உருட்டினாள். பாதியில் மந்திரம் மறந்து ஹோட்டல் பெயர் வந்தது. மாதாவே மன்னிக்க வேண்டும்.

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் நீல உடுப்புப் பெண் ஒருத்தி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாலே போறவங்க இந்தப் பக்கம்! மாலே, மாலே!" சுஜீவா தலையைக் குனிந்து, ஒரு தடித்த வெள்ளைக்காரனின் மறைவில் அவளைக் கடந்தாள். குடிவரவு வரிசையில் போய் நின்றாள்.

முன்னால் இரண்டு பேர்தான். அப்போது கூரையிலிருந்து குரல் வந்தது, முதலில் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில். மாலே செல்லும் பயணி சுஜீவா பெர்னாந்து உடனடியாக வரவும். அவள் பெயரை அவ்வளவு பெரிய சத்தத்தில் வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை. ஆள் ஏறாமல் பையை மட்டும் ஏற்றிக்கொண்டு விமானம் பறக்கக் கூடாதாம், அதனால்தான் தேடுகிறார்கள் என்பது அவளுக்கு எங்கே தெரியும்? விலங்கோடு வருகிறார்கள் என்றே நினைத்தாள். ஓடலாமா என்று பார்த்தாள். எங்கே ஓடுவது?

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினான். குரல் மறுபடி ஒலித்தது. அவன் பெயரைப் படித்தான், கூரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கே, உங்களைத்தானே கூப்பிடுறாங்க? ஓடுங்க, விமானம் போயிரும்!"

"போகட்டும் தம்பி." கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்தாள். "நான் அதுல போகலை. வீட்டுக்குப் போறேன். பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை முதல் நன்மை."

அவன் அவளுடைய மாலே சீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"மாலே டிக்கெட் மலிவோ?" என்றான் மெதுவாக.

அவள் தலையாட்டினாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"சொந்த வீட்டுக்குப் போறதுக்கு ஏன் அக்கே இந்த நடுக்கம்?" முத்திரை விழுந்தது. "பையை இறக்கி வைப்பாங்க. பெட்டி தொலைஞ்ச கவுண்டர்ல போய்ச் சொல்லுங்க, நாளைக்கோ நாளன்னைக்கோ தருவாங்க."

நல்ல பையன். ஆனால் அவள் அந்தக் கவுண்டர் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. போய்ப் பெயரைச் சொன்னால் கூரையில் கத்தியவர்கள் பிடித்துக்கொண்டால்? பிள்ளையின் வெள்ளை உடுப்பு இல்லாமல், ஒரு கைப்பிடி சாக்லேட்கூட இல்லாமல், வெறும் இரண்டு கையோடு வாசலை நோக்கி நடந்தாள்.

வெளியே துலானி வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அக்காவைக் கண்டு சிரித்த முகம், அவள் பின்னால் தள்ளுவண்டி வரும் என்று எட்டிப் பார்த்து, வராது என்று தெரிந்ததும் வெளுத்துப்போனது.

"பெட்டி எங்கக்கா?" அருகில் வந்து காதோடு கேட்டாள். "என்ன நடந்துச்சு? பொலீஸா? அனே, ஐயோ, ஊருக்கு என்ன சொல்றது?"

சுஜீவா வாய் திறப்பதற்குள் இஷாதி முன்னால் வந்து நின்றாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. வெறுமையாக இருந்த கைகளைப் பார்த்தாள். வலது கையைப் புரட்டிப் பார்த்தாள், இடது கையையும் பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அம்மா, உங்களை அனுப்பிட்டாங்களா?"

"இல்ல மகள், அது வந்து..."

"நிஹால் மாமாவை அனுப்பின மாதிரியா? அவர் திரும்பப் போகவே இல்லையே! நீங்களும் இனிப் போகவே மாட்டீங்கதானே?"

இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்படியே விட்டுவிட்டு வேனுக்கு ஓடினாள். "அங்கிள், எங்க அம்மாவை அனுப்பிட்டாங்க! அனுப்பிட்டாங்க!" என்று சாரதியிடம் கத்தினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துலானி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மிலானிலிருந்து இதுவரை பட்ட பயமெல்லாம் ஒரு பயமா? இப்போது வந்ததுதான் பயம். சுஜீவா மகளை அதட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது அது பொய் என்று சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை.