அத்தையின் ஐந்தாவது ஸ்பேடு

ஸ்பேடு நாலு. அந்தச் சீட்டை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அகரத்தில் எங்கள் வீட்டுக்குப் போக்கர் என்ற சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தவர், கப்பலில் வேலை பார்க்கும் என் கொழுந்தன். விடுமுறைக்கு வந்தவர் கற்றுக்கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். அத்தைக்கு, என் மாமியாருக்கு, அது பித்தாகவே ஒட்டிக்கொண்டது. காலையில் தோட்டத்தில் பறித்த மல்லிகையை என் கணவர் திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோய்த் திரும்பியதும், மத்தியானச் சோற்றுக்குப் பின் மூவரும் உட்காருவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் வரிசையாக விரிக்கும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. பணயம் புளியங்கொட்டை. கையில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மொத்தமாக வைக்கலாம்.

நான் அதை முறையாகப் படித்தேன். ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பவருக்கு, விரிக்க ஒரு சீட்டுதான் பாக்கி என்றால், அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவைதான் வரும். அதுவரை ஆட்டத்தில் இருக்க வைக்க வேண்டிய விலை சின்னதென்றால் இருந்து பார்க்கலாம். பெரிதென்றால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் அந்த விலையை ஏற்றிவிட வேண்டும். அத்தைக்கு இதெல்லாம் காதிலேயே ஏறாது. இரண்டு ஸ்பேடு கையில் வந்தால் போதும், வீட்டையே கேட்டாலும் வைப்பார்.

“ஒத்தச் சீட்டுதானத்தா? வரும்,” என்பார். எரிச்சலாக வரும். அதைவிட எரிச்சல், பல நாள் அது வந்தும்விடும்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர்ப் பஞ்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கேற்ற வேலை. வாரம் முழுக்க விடுதியில் தங்க வேண்டும். “நீ போயிட்டா பூ யாரு பறிக்கிறது?” என்று அத்தை மறுத்தார். ஒரு வாரம் இதே பேச்சு. கடைசியில் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: “இந்த ஆட்டத்துல ஜெயிச்சா கோயம்புத்தூருக்குப் போ. தோத்தா பேச்சை விடு. அம்புட்டுத்தான்.”

என் கையில் இரண்டு எட்டு. நடுவில் விரித்த மூன்று சீட்டுகளில் இன்னோர் எட்டு. மற்ற இரண்டும் ஸ்பேடு. கணவர் கவிழ்த்துவிட்டார். நான்காவது சீட்டு டைமண்ட் ஜாக்கி. அத்தை ஸ்பேடுக்குக் காத்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் புளியங்கொட்டை அத்தனையையும் நடுவே தள்ளினேன். எந்தப் புத்தியுள்ளவரும் அதற்குப் பின் தொடர மாட்டார். அத்தை யோசிக்கக்கூட இல்லை, தன்னுடையதையும் தள்ளினார்.

வந்தது ஸ்பேடு நாலு. ஐந்து ஸ்பேடுக்கு முன் மூன்று எட்டு நிற்காது.

“நீங்க ஆடுனது தப்பு அத்தை!” என்று கத்தினேன்.

“தப்பா ஆடி ஜெயிச்சேன். நீ சரியா ஆடித் தோத்த,” என்று சிரித்தபடி கொட்டைகளை அள்ளினார். “சீட்டுதான, விடு. நீ கெளம்பு,” என்று கணவர் சொன்னார். எனக்கு வீம்பு. மறுநாளே பஞ்சாலைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அத்தையிடம் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பறிக்க ஆள் கிடைக்காமல் தோட்டத்தை அத்தையே குத்தகைக்கு விட்டார். நாங்கள் திண்டுக்கல்லுக்குக் குடிவந்தோம். சாமான்களைப் பிரிக்கும்போது அத்தை சாதாரணமாகக் கேட்டார்: “ஆமா, அந்தக் கோயம்புத்தூரு வேலைக்கு நீ ஏத்தா போகல?”

“சீட்டுல தோத்தேனே அத்தை!”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அடிப் பாவி! சீட்டாட்டத்த யாராச்சும் நெசமுன்னு எடுப்பாகளா? இன்னொருக்கா கேப்பே, சரின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ கேக்கவே இல்லையே!”

இப்போது திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். அத்தை எங்களோடுதான் இருக்கிறார், இன்னும் ஆடுகிறார், எதற்கும் கவிழ்ப்பதில்லை. சீட்டுக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்று அத்தனை படித்த எனக்கு, அன்று வாயைத் திறந்து இன்னொரு முறை கேட்க ஒரு கொட்டைகூடச் செலவில்லை என்பது தெரியாமல் போனது.