டேங்கில் ஊற்றிய தண்ணீர்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில் இருபது வருடம் கிடந்த பழைய ஜெர்மன் பைக்கை ஆசைப்பட்டு வாங்கினேன். டேங்கின் அடியைத் துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தது. பெட்ரோல் விட்டு அலசிக் காயவைத்து, ஓசூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முனிராஜண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் மூடியை இறுக்கி, டேங்கைக் கவிழ்த்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். மறுபடி துரு பிடித்துவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. மூடியைத் திறந்து அவ்வளவையும் அங்கேயே வடித்துவிட்டு, பழையபடி மூடி வைத்தேன்.

திரும்பி வந்தவர் டேங்கினுள் எட்டிப் பார்க்காமலே கேஸைப் பற்றவைத்து நெருப்பை ஓட்டையருகே நீட்டினார். டொம் என்று வெடித்தது. டேங்க் பறந்துபோய்த் தகரக் கூரையில் மோதி விழுந்தது. அவர் புருவம் கருகியிருந்தது.

"தம்பி, உனக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று என்னை உலுக்கினார்.

"பெட்ரோல் ஆவி உள்ளயே நிக்கும்பா. அதுக்குத்தான் தண்ணி ஊத்துனேன். மூடிய நான் சரியா முறுக்கல போல, ஒழுகிப்போச்சு. உன் டேங்கப் பாழாக்கிட்டேனே!"

நான் தலையாட்டினேன்.

வேறு டேங்க் தேடிப் பிடித்து அவரே மாட்டிக் கொடுத்தார். வண்டி ஓடுகிறது.

அண்ணா, நீங்கள் மூடியைச் சரியாகத்தான் முறுக்கியிருந்தீர்கள்.