அப்பா கையில் இருந்த பட்டை

பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வேலை. மேல்கையில் கட்டுகிற துணிப்பட்டையிலிருந்து இதயத் துடிப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். நெஞ்சில் கருவியை ஒட்டினால் துடிப்பு தெளிவாகக் கிடைக்கும். கையில் அது மிகவும் சன்னம். தசை அசைவு, பக்கத்தில் ஓடும் மோட்டார், எல்லாம் சேர்ந்து அதை அமுக்கிவிடும். அந்தக் கூச்சலை நீக்கிவிட்டு மிச்சத்தில் துடிப்பைத் தேடும் மென்பொருளை நான்தான் எழுதினேன். கட்டிப் பார்க்க ஆள் கிடைக்காமல், விக்கிரமங்கலத்தில் இருந்த அப்பாவின் கையில் கட்டிவிட்டேன். முந்திரிக்காட்டில் வேலை செய்யும்போது கழற்றக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். பையன் தாயத்து கட்டிவிட்டான் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வாராம். அம்மாவின் போனில் அவர் துடிப்பு பச்சைக் கோடாக ஓடும். சமைத்துக்கொண்டே பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் அப்பா எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் போய்ச் சேர்வதற்குள் குளிர்பெட்டியை வரவழைத்து, சட்டையோடு உள்ளே கிடத்தியிருந்தார்கள். பட்டையை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பந்தல்காரரிடம் பேசினேன், வந்தவர்களுக்கு டீ சொன்னேன். உடம்பு அதுபாட்டுக்கு வேலை செய்தது, உள்ளே ஒன்றுமே இல்லை.

அம்மாவும் அழவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மதியம் எடுத்துவிடலாம் என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஓடுதுப்பா, பாரு. இது ஓடுறப்ப எப்படி எடுப்பாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாகூட ஒரு நொடி பெட்டியின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அது பெட்டி மோட்டாரின் இரைச்சல் என்றேன். துடிப்பு இல்லாதபோது சீராக வருகிற எதையாவது இந்த மென்பொருள் துடிப்பாக எடுத்துக்கொள்ளும் என்றேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னேன். அவள் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். பெட்டியின் இரைச்சல் நின்றது. போனில் கோடு கொஞ்சம் தடுமாறிவிட்டு நேராகப் படுத்துக்கொண்டது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டிக் கண்ணாடியில் கையை வைத்தாள்.

"சுவிட்சப் போடுப்பா," என்றாள். "அப்பாவுக்குப் புழுங்கும்."

போட்டேன். இரைச்சல் திரும்ப வந்தது. கவிழ்ந்து கிடந்த போனில் கோடும் ஓட ஆரம்பித்திருக்கும். நிமிர்த்திப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

மதியம் குளிப்பாட்டும்போது பட்டையை நானே அவிழ்த்தேன். சட்டையில்லாமல் காட்டில் நின்று கறுத்துப்போன கை அது. பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. நான் சொன்னபடி, அதைக் கழற்றிவிட்டு அவர் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை.