கோட்டு போட்ட ஏழை

ஏழை என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் கோட்டும் டையுமாகப் போய் நின்ற முட்டாள் உலகத்திலேயே ஒருத்தன்தான் இருப்பான். அது நான்தான்.

எண்பதுகளின் கடைசி. கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம். நான் அப்போதுதான் பி.காம். சேர்ந்திருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அரசாங்க உதவித்தொகை வந்தால் கல்லூரி, வராவிட்டால் மாமாவின் லேத் பட்டறை என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

விண்ணப்பத்தில் ஒட்ட போட்டோ வேண்டும். எங்கள் தெருமுனை ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கோட்டும் டையும் தொங்கும். படம் எடுக்க வருகிறவர்கள் சும்மாவே மாட்டிக்கொள்ளலாம். சும்மா கிடைப்பதை விடுவேனா? தொளதொளவென்று இருந்த கோட்டை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கினார்கள். காலில் ரப்பர் செருப்பு. அதுதான் படத்தில் விழாதே! பிரிண்ட்டைப் பார்த்து நானே மயங்கிவிட்டேன்.

கல்லூரி ஆபீஸ் கிளார்க் மயங்கவில்லை. "உதவித்தொகை வாங்குறவன் போட்டோ கேட்டா, குடுக்குறவர் போட்டோவைக் கொண்டாந்திருக்கியே!" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சில நாளில் விசாரணைக்கென்று ஓர் அதிகாரி சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கோட்டு எங்கப்பா?"

"அது ஸ்டூடியோவோடது சார்."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றீங்க."

எனக்குக் காதுக்குள் லேத் ஓட ஆரம்பித்தது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா குடத்தை டொக்கென்று இறக்கி வைத்தார்.

"இன்னா சார், கோட்டுதான் பிரச்னையா? எங்க ஊட்டுக்காரரும் அதே கோட்டுலதான் கீறாரு. வந்து பாரு சார்!"

போய்ப் பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டும் அண்ணன், சுவரில் மாட்டிய படத்தில் என் கோட்டில் இருந்தார். எதிர்வீட்டில் பால்காரர், அதே கோட்டு, அதே டை. அடுத்த வீட்டுக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையும் அதற்குள்தான். காலரில் இருந்த கறைகூட எல்லாருக்கும் ஒரே இடத்தில்.

"எங்க மாமியாருக்கும் போட்டுடலாம்னு பாத்தோம் சார். கெயவி ஒத்துக்கல" என்றார் அக்கா.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்போ இந்தத் தெருவுல கோட்டு போடாத ஏழை நான் ஒருத்தன்தான்!" என்று அங்கேயே சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார். காதுக்குள் லேத் நின்றது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டு அவருக்குக் காபி போட ஓடினாள்.

பிற்பாடு பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்டேன். 'அரசாங்கம் படிக்க வைத்தது' என்று யாராவது சொன்னால் ஆமாம் என்பேன். மனசுக்குள் அந்த அக்காவையும் சேர்த்துக்கொள்வேன்.

அன்று சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிய அதிகாரியிடம், தப்பித்த சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கேட்டேன். "அடுத்த வருஷம் விண்ணப்பத்துக்குப் புது போட்டோ எடுக்கணுமா சார்?"

திரும்பாமலே சொன்னார்:

"சட்டை போதும்."