மாப்பிள்ளையின் தலைச் சாய்வு

பெங்களூர் மர்பி டவுனில் லீனாவை எல்லோரும் கண் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவள், ஆபரேஷன் எல்லாம் செய்ய மாட்டேன் என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி டாக்டர்" என்றார்கள். விட்டுவிட்டாள்.

படிப்பை முடித்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எட்டு வருடமாகிறது. மாறுகண், இரட்டையாகத் தெரிவது போன்ற கேஸ்கள் வந்தால் அங்கே எல்லோரும் அவளிடம்தான் அனுப்புவார்கள். வேலையில் கெட்டிக்காரி, பிடிவாதமும் கொஞ்சநஞ்சமில்லை. அத்திபெலேயில் லாரி டிரைவர்களுக்கு முகாம் போட்டபோது, கண்ணாடியே வேண்டாம் என்று அடம்பிடித்த ஒருவனின் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "முன்னால நிக்கிற வண்டி நம்பரைப் படிங்க, அப்பதான் இறங்குவேன்" என்றாள். அவன் அவளையும் வைத்துக்கொண்டே லாரியை எடுத்தான். ஓசூரில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். மறுநாள் அவனே வந்து கண்ணாடி வாங்கிக்கொண்டு போனான். அவளோடு படித்த தாரணி இந்தக் கதையை இன்றைக்கும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அந்தப் படிப்பு அவளிடம் ஒரு கெட்ட பழக்கத்தை ஒட்டவைத்துவிட்டது. யாரோடு பேசினாலும் முதலில் இமை, பிறகு கருவிழி, பிறகு கழுத்து. பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போதுகூட, அவருடைய வலது இமை கொஞ்சம் இறங்கியிருக்கிறதே என்றுதான் யோசனை ஓடும்.

முப்பத்தொரு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிப்போயின. அம்மா டோரதி வேண்டாத மாதா இல்லை. அப்போதுதான் எரிக்கின் சம்பந்தம் வந்தது. சந்தாபுராவில் சொந்த வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அப்பா இல்லை, வீட்டில் அம்மா சோஃபியா மட்டும்.

பெண் பார்க்க வந்த அன்று எரிக் தலையை இடது தோள் பக்கம் லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். "எவ்ளோ பணிவான பையன் பாரு" என்று டோரதி சமையலறையில் உருகினார். லீனாவுக்கும் பிடித்துப்போனது. அவள் லாரிக் கதையைச் சொன்னபோது தலையைச் சாய்த்தபடியே கேட்டான், வயிறு குலுங்கச் சிரித்தான். இதுவரை வந்தவர்களில் ஒருவனும் அவள் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேல் கேட்டதில்லை. இவன்தான் என்று அப்போதே மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

அவர்கள் விடைபெறும்போது வாசலில் எரிக் ஒரு தெரு நாயைப் பார்த்தான். தலை சாய்ந்திருந்தது. ஆட்டோக்காரனிடம் பேசினான். அப்போதும் சாய்ந்திருந்தது. லீனாவுக்குச் சுரீரென்றது.

கண்ணை அசைக்கும் நரம்பு ஒன்று பலவீனமானால் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பதால் கழுத்து தானாகவே சாயக் கற்றுக்கொள்ளும். பிறவியிலேயே அப்படி என்றால் பயமில்லை. புதிதாக வந்தது என்றால் தலைக்குள் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். எது என்று தெரிந்துகொள்ள அவள் தொழிலில் முதலில் கேட்பது பழைய போட்டோக்களைத்தான்.

அடுத்த ஞாயிறு பையன் வீட்டைப் பார்க்கப் போனார்கள். நிச்சயத்துக்கு நாள் குறிப்பதாகவும் பேச்சு. ஹால் சுவர் முழுக்கப் போட்டோக்கள். லீனா காபியும் கையுமாக எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்ததும் சோஃபியாவுக்கு ஒரே பூரிப்பு. கூடவே வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது சின்ன வயசுல சர்ச்ல புது நன்மை எடுத்தப்போ. இது காலேஜ். இது அவன் அக்கா கல்யாணம், மூணு வருஷம் ஆச்சு."

எல்லாவற்றிலும் தலை நேராக இருந்தது. லீனாவின் கையில் காபி ஆறியது. கடைசியாகப் போன கிறிஸ்மஸ் போட்டோ. அதில் சாய்ந்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தே டோரதிக்குப் புரிந்துவிட்டது. ஓரமாக இழுத்து, "என்னவா இருந்தாலும் நிச்சயம் முடியட்டும், அப்புறமா சொல்லிக்கோ" என்று காதில் சொன்னார். லீனாவுக்கும் அந்த ஆசை வராமலில்லை. சொன்னால் இந்த வரனும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவனை இழக்க அவளுக்கு மனசே இல்லை. ஆனால் நிச்சயம் முடிய இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை அவன் தலைக்குள் என்ன வளர்கிறதோ யாருக்குத் தெரியும்?

"எரிக், ஃபோன் பாக்கறப்போ எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

எரிக் திகைத்தான். "ஆமா. சில நேரம்."

"இந்த வாரமே ஸ்கேன் எடுத்துடுங்க. தள்ளிப்போடாதீங்க."

சோஃபியாவின் முகம் இருண்டது. "பொண்ணு குடுக்க வந்தீங்களா, எம் புள்ளைக்கு சீக்கு கண்டுபுடிக்க வந்தீங்களா?" என்று சீறினார். லீனாவின் அப்பா பெர்னார்ட் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். மூவரும் காரில் ஏறி வீடு திரும்பினார்கள். அன்று லீனா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள்.

ஸ்கேனில் ஒரு கட்டி இருந்தது. புற்று இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது. சீக்கிரம் வந்ததால் தப்பித்தீர்கள் என்றாராம் டாக்டர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எரிக் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினான். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லீனாவும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சோஃபியா அவர்கள் மாடி வீட்டுக்குத் தனியாக ஏறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்குத் தெரியும் லீனா. போன வருஷத்துலேர்ந்தே கவனிச்சேன். கழுத்து சுளுக்குன்னு தைலம் தேச்சேன். அந்தக் கிறிஸ்மஸ் போட்டோவுக்கு அப்புறம், போட்டோ எடுக்கறப்பல்லாம் நேரா நில்லுடான்னு நான்தான் தலைய நிமித்துவேன். பொண்ணு வீட்டுல கண்டுபுடிக்கக் கூடாதுன்னு உங்க வீட்டுக்கு வரும்போதுகூட தலைய நேரா வைன்னு ஆட்டோல சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "பெத்தவ மறைச்சேன். நீ சொன்ன."

"விடுங்க ஆன்ட்டி" என்று லீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படியில் காலடிச் சத்தம். எரிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக ஏறி வந்து வாசலில் நின்றான். மொட்டையடித்த தலையில் புதுமுடி முளைத்திருந்தது. தலை இன்னும் சாய்ந்துதான் இருந்தது.

"நரம்பு தேற மாசக்கணக்காகுமாம். தேறாமலும் போகலாமாம்" என்றான். "என்ன ஏதுன்னு என்னைவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும். யோசிச்சு சொல்லுங்க, அவசரமில்ல. படி ஏறறது பரவால்ல, இறங்கறப்போதான் ஒண்ணொண்ணும் ரெண்டா தெரியுது."

டோரதி மகளையே பார்த்தார். லீனா செருப்பை மாட்டிக்கொண்டு எரிக்கிடம் கையை நீட்டினாள்.

"கல்யாணத்தன்னிக்கு மாதா கோயில்ல இதைவிட ஜாஸ்தி படி இறங்கணும். வாங்க, இப்பவே பழகிக்கலாம்."