சோதனையில் சித்தியடைந்த மெசின்

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து ஊருக்கு ஓடி வந்தபோது எனக்குத் தெரிந்திருந்த ஒரே தொழில் கொம்பியூட்டருக்குக் கட்டளை எழுதுவது. அதற்கு மருதனார்மடத்தில் எவ்வளவு தேவை இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் சந்தைக்கு எதிரே ஒரு கடை அறையில், சாதகப் பொருத்தம் பார்க்க நானே கட்டளை எழுதிய கொம்பியூட்டர் ஒன்றோடு உட்கார்ந்தேன். கற்ற கல்விக்கு அதைவிட மேலான பயன் வேறென்ன!

அப்போது அக்காவுக்குப் பண்டத்தரிப்பில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். "சோதிக்காத மெசினை நான் நம்பமாட்டன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் வைத்த சோதனையைக் கொழும்பில் எந்தக் கம்பனியும் வைத்திராது. தன்னுடைய சாதகத்தையும் மனைவியின் சாதகத்தையும் யாருடையவை என்று சொல்லாமல் தந்தார். பொருத்தம் என்று வந்ததும் மெசினைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு பிரிந்து வாழும் ஒரு சோடியின் சாதகங்களைக் கொண்டுவந்தார். பொருத்தமில்லை என்று வந்தது. ஒரே சாதகத்துக்கு என்றைக்கும் ஒரே பதில் வரவேண்டும். அதுவும் அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வரவேண்டும். கரண்ட் நின்று வந்தாலும் பதில் மாறக்கூடாது. கரண்டை நிறுத்த அவர் தனியாக ஏற்பாடு செய்யவேண்டி இருக்கவில்லை, சுன்னாகம் மின்சார நிலையத்தில் அதைத் தாராளமாகச் செய்து தந்தார்கள். மெசின் எல்லாவற்றிலும் சித்தியடைந்தது.

"உது ஆரின்ரை முகத்தையும் பாத்துச் சொல்லாது. இனி எனக்கு உதின்ரை சொல்லுத்தான்" என்று கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார்.

அவருடைய மகனுக்கும் அக்காவுக்கும் பொருத்தம் போட்டேன். உத்தமம் என்று வந்தது. அன்றைக்கே அக்கா கூறைச் சேலைக்கு நிறம் யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

சில வாரங்களில் இன்னொரு பெண்ணின் சாதகம் அதிபர் வீட்டுக்குப் போனது. அந்தப் பெண்ணின் அண்ணன்மார் எல்லாரும் லண்டனில். அதிபர் கடைக்கு வந்தார்.

"தம்பி, அண்டைக்குப் பாத்த பொருத்தத்தை இன்னொருக்கால் போட்டுப் பாரும்."

போட்டேன். உத்தமம்.

"வடிவாய்ப் பாரும். தோசம் கீசம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை ஐயா."

"அப்ப மெசின் பழுதாப் போச்சுது போலை" என்றார், மிகுந்த கவலையோடு. கீபோர்டைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போலிருந்தது.

வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வதற்குத்தான் எங்களூரில் 'பொருத்தமில்லை' என்று ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நானோ பதில் மாறாத மெசினைச் செய்து வைத்திருந்தேன். சந்திக்கு அப்பால் இருந்த சாத்திரியார், அதிபருக்குத் தேத்தண்ணி வருவதற்கு முன்பே அக்காவின் சாதகத்தில் செவ்வாய் தோசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாராம். வேகத்திலும் என் மெசின் தோற்றுப்போனது.

வீட்டில் நான் அம்மாவிடம் மெசினுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். எத்தனை விதமாகச் சோதித்தும் அது ஒருதரமும் பிழை விடவில்லை என்றேன். குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா வெளியே வந்தாள்.

"அவர் மெசினை அவ்வளவு சோதிச்சார், தம்பி. நாங்கள் அவரை ஒருக்காலாவது சோதிச்சுப் பாத்தனாங்களோ?"